முற்றத்துக்கு வராத தண்ணீர்

போன மாதம் எங்கள் நீர் வழங்கல் அலுவலகத்துக்கு ஒரு மெசின் வந்தது. கறுப்புப் பைப்பின் இரண்டு முனையையும் சூடாக்கி, அழுத்தி, ஒன்றாக்குகிற மெசின். ஓய்வு பெற்றவன் என்றாலும் என்னையும் வந்து பார்க்கச் சொன்னார்கள். போனேன். அங்கே வேலை செய்கிற பெடியள் ஒட்டிக் காட்டினார்கள். ஒட்டின இடத்தை வெட்டித் தரச் சொல்லி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன்.

"ஏன் ராசண்ணை, புதுப் பைப்பை வெட்டச் சொல்லுறியள்?" என்று ஒருவன் கேட்டான்.

எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். பதினான்கு வயதில், தண்ணீர் இறைக்கிற மெசின் திருத்துகிற ஒருவரிடம் சேர்ந்தேன். பிறகு பைப் வேலை. அது சாமான் வராத காலம். பைப் எங்கேயாவது கிடைக்கும். பைப்பையும் பைப்பையும் பொருத்துகிற சொக்கட் கிடைக்காது. ஒட்டுகிற கம்மும் கிடைக்காது. நெருப்பில் பொருத்தப் பழகினோம்.

தேங்காய்ச் சிரட்டைக் கரியை மூட்ட வேண்டும். தணல் சிவந்ததும் பைப்பின் ஒரு முனையை மேலே பிடித்து உருட்ட வேண்டும். தணலில் முட்டக்கூடாது. பைப் முதலில் மினுங்கும். பிறகு தன்பாட்டில் தொய்யும். அந்த நேரம் மற்றப் பைப்பின் முனையில் தேங்காயெண்ணெய் பூசி உள்ளே தள்ள வேண்டும். ஈரச் சாக்கைச் சுற்றி, நூறு எண்ணும்வரை கையை எடுக்காமல் பிடிக்க வேண்டும். ஆறினால் விடாது. ஒரு சொட்டும் ஒழுகாது. நான் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தது இதில்தான்.

சண்டை முடிந்து சனங்கள் திரும்பி வந்தபோது முல்லைத்தீவுப் பக்கம் ஒரு குடியிருப்பில் எனக்கு வேலை கிடைத்தது. ஒரு தொண்டு நிறுவனம் பைப் கொடுத்தது. இருபத்தாறு வீடு. வீடு என்றால் மேலே விரித்த தறப்பாளும் தகரமும்தான். ரோட்டோரத்தில் ஒரு பொதுத் தாங்கி. அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு வளவுக்கும் மண்ணுக்குள்ளால் பைப் போட வேண்டும். முதல் லொறியில் பைப் மட்டும் வந்தது. சொக்கட் வரவில்லை. சனம் காத்திருக்க ஏலாது. நான் சிரட்டை பொறுக்கினேன்.

இருபத்தாறு வீட்டையும் சொன்ன நாளுக்கு முன்னமே முடித்தேன். அந்தப் பெயரில்தான் அலுவலகத்தில் குழாய் பொருத்துகிற வேலை கிடைத்தது. சில வருடத்தில் அந்தக் குடியிருப்புக்கு எங்கள் பெரிய லைன் போனது. வளவு வாசலில், படலையடியில் மீற்றர் பூட்டினோம். மீற்றரிலிருந்து உள்ளே போகிற பைப் நான் முன்னம் போட்டதுதான். நல்லாயிருக்கிற பைப்பை ஏன் மாற்றுவான் என்று விட்டோம்.

எனக்கு மேலே கடைசியாக இருந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒரு பெண். வவுனியாவைச் சேர்ந்தவர். என் மூத்த மகளின் வயது. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். ஸ்கூட்டியின் முன்பக்கம் வெள்ளைப் பெயின்ற் வாளி ஒன்று எப்போதும் இருக்கும். வாளியின் உள்ளே பத்து லீற்றருக்குச் சிவப்புக் கோடு. எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரை போட்டால் இருக்க மாட்டார். தேத்தண்ணி கொடுத்தால் நின்றபடி குடிப்பார். வாளியைத் தானே வைப்பார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். கோட்டுக்குத் தண்ணீர் வர எத்தனை செக்கன் என்று பென்சிலால் எழுதுவார். பிழை என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கள் கணக்கில் அவருக்குச் சந்தேகம் வந்தால், "திரும்ப ஒருக்கா" என்பார். அவ்வளவுதான்.

களஞ்சியத்தில் இருந்த சிவம் ஒருநாள் பகிடி விட்டான். "மிஸ்ஸின்ர கலியாணத்தில ஐயர் பாவம். தாலி கட்டி முடிய, திரும்ப ஒருக்கா எண்டு சொல்லப் போறா." மிஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் சிரித்து முடியும்வரை நின்றார். பிறகு, "சரி சிவம். அந்த ரெண்டு இஞ்ச் வால்வு எத்தினை மிச்சம்?" என்று கேட்டார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. உள்ளதைச் சொல்கிறேன். முப்பது வருடம் பைப் பிடித்தவனுக்கு வாளி எதற்கு என்று நினைப்பேன்.

இனிப் பிலோமினா அக்கா வீட்டுக் கதை.

அவர் வீடு அந்த இருபத்தாறில் ஒன்று. கடல் தொழில் செய்த குடும்பம். புருஷன் இல்லை. மகள் கனடாவில். கூட இருப்பது மகன் யூட். அவனுக்கு இரண்டு காலும் தொடையோடு இல்லை. முப்பத்தைந்து வயது இருக்கும். வலை பொத்துகிறவன். கடற்கரையிலிருந்து கிழிந்த வலைகளைக் கொண்டுவந்து அவன் முற்றத்தில் போடுவார்கள். வலையை விரித்தால் படலைக்கும் வீட்டுக்கும் இடையில் நிறைந்து கிடக்கும். அவன் இரண்டு கையையும் ஊன்றி வலையின் ஓரத்தாலே நகர்ந்து நகர்ந்து பொத்துவான். அந்தக் கரையில் அவன் கைவேலைக்கு நல்ல பெயர்.

முற்றம் மணல். மணல் உராய்ந்து தொடை முனை புண்ணாகிவிட்டது. ஒன்று மாறினால் ஒன்று வரும். இனியும் மணலில் இழுபட்டால் இன்னும் கொஞ்சம் வெட்ட வேண்டி வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இருந்து உருட்டுகிற சில்லு வண்டி மணலில் புதையும். சீமெந்து போட்டால் பத்து மணிக்கு மேலே சுடும். அதனால் தாயும் மகனும் புல் வளர்க்க முடிவெடுத்தார்கள். குளக்கட்டிலிருந்து அறுகம்புல் கிளப்பி, உரப்பையில் கொண்டுவந்து, முற்றம் முழுக்க நட்டார்கள்.

எங்கள் பக்கம் முற்றம் என்றால் வெறும் மணல்தான். விடிய எழும்பிக் கூட்டிக் கோடு போடுவார்கள். புல் முளைத்தால் அது ஆள் இல்லாத வீடு. பக்கத்து வீட்டுக்காரி வேலியால் கேட்டிருக்கிறாள், "என்ன அக்கா, வளவை வித்துப் போட்டியளோ? முத்தம் பத்தையாக் கிடக்குது."

"ஓம். உன்ர மாட்டுக்குத்தான் வித்தனான். அதுதானே நெடுகலும் படலைக்குள்ள தலையை விடுது" என்று பிலோமினா அக்கா சொல்லியிருக்கிறார். அவர் அப்படித்தான்.

மகள் கனடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினாள். நாலு தூவல் தலை. மண்ணுக்குள் புதைத்து வைத்தால், தண்ணீர் வரும்போது தானாக மேலே எழும்பிச் சுற்றித் தூவும். யூட் தானே நகர்ந்து போய் ஒரு வால்வைத் திறந்தால் போதும். தாய் வாளியில் தண்ணீர் காவத் தேவையில்லை. அதைப் பூட்டித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். ஒரு சனிக்கிழமை போனேன்.

நாலையும் முற்றத்தின் நாலு பக்கமும் புதைத்து, என் பழைய பைப்பில் தொடுத்தேன். யூட் வால்வைத் திறந்தான். ஒரு தலை பாதி எழும்பி நின்றது. இரண்டு தலை வெற்றிலை துப்புகிற மாதிரித் துப்பின. நாலாவது அசையவில்லை.

என்னிடம் அமுக்கம் பார்க்கிற கேஜ் இருந்தது. முற்றத்துக் குழாயில் பூட்டிப் பார்த்தேன். முள் முப்பதில் நின்றது. முப்பது நல்ல அமுக்கம். அப்படியானால் லைனில் பிழை இல்லை. தலையில்தான் பிழை. இது வெளிநாட்டுத் தண்ணீருக்குச் செய்த சாமான், எங்கள் லைனுக்குச் சுற்றாது என்றேன்.

யூட் பெட்டியை எடுத்தான். "இல்லை அண்ணை. இருவத்தஞ்சு காணும் எண்டு இதில போட்டிருக்கு."

"பெட்டி சொல்லுறதைக் கேக்கிறியோ, நான் சொல்லுறதைக் கேக்கிறியோ?"

அவன் பெட்டியை மூடிப் பக்கத்தில் வைத்தான். மழை வரும்வரை வாளியால் ஊற்றுங்கோ என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போது சோளகக் காற்று வீசுகிற காலம். வெயிலும் காற்றும். ஒருநாள் தண்ணீர் விடாவிட்டால் புது அறுகு மஞ்சளாகும். பிலோமினா அக்காவுக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேலே. காலையும் மாலையும் வாளி வாளியாகக் காவியிருக்கிறார். மூன்று வாரத்துக்கு மேலே. ஒருநாள் ஈரத்தில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அதற்குப் பிறகு யூட் ஐந்து லீற்றர்க் கலனை இடுப்பில் கட்டி, மணலில் இழுபட்டுப் போய் ஊற்றியிருக்கிறான். ஆறி வந்த புண் திரும்பப் பிளந்தது.

இது ஒன்றும் எனக்குத் தெரியாது. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. யூட் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தில்தான் தெரிந்தது. மிஸ் அதை என் முன்னால் வாசித்தார். என்னை ஏசி எழுதியிருப்பான் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு சொல்லும் இல்லை. ராசண்ணை வந்து பார்த்தார், லைன் நல்லது என்றார், அம்மா விழுந்துவிட்டா, யாராவது இன்னொரு தடவை பார்க்க முடியுமா என்று மட்டும் இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. மிஸ், கேஜ் முப்பது காட்டினது, நான் என் கண்ணால் கண்டது என்றேன். மிஸ் கடிதத்தை மடித்தார். "நாளைக்கு எட்டு மணிக்கு அங்க வாங்கோ. நானும் வாறன்."

போனபோது பிலோமினா அக்கா முறிந்த கையில் மருந்துப் பத்துப் போட்டு வாசல் கதிரையில் இருந்தார். யூட் கட்டிலில் குப்புறக் கிடந்தான். முற்றத்தில் வீட்டோரமாக ஒரு பாய் அளவுக்குத்தான் பச்சை. மற்றதெல்லாம் காய்ந்த நார்.

மிஸ் என் கேஜை முற்றத்துக் குழாயில் பூட்டச் சொன்னார். முப்பது. நான் அவரைப் பார்த்தேன்.

"இப்ப அதே பைப்பில தூவலுக்குப் போற மற்ற வாயைத் திறந்து ஓட விடுங்கோ அண்ணை."

ஓட விட்டேன். முள் விழுந்தது. ஆறில் நின்றது.

"திரும்ப ஒருக்கா."

மூடினேன். முப்பது. திறந்தேன். ஆறு.

பிறகு கேஜைக் கழற்றி, குழாயடியில் வாளியை வைத்தார். கோட்டுக்கு வரத் தொண்ணூற்றைந்து செக்கன். படலையடிக்குப் போய் மீற்றர் வாயில் பைப்பைக் கழற்றி அதே வாளியை வைத்தோம். இருபது செக்கன். அங்கே ஓட விட்டாலும் முள் இருபத்தாறுக்குக் கீழே வரவில்லை.

பூட்டிக் கிடக்கிற பைப்பில் தண்ணீர் அசையாது. எந்தப் பைப்பும் நல்ல பைப்தான். ஓடும்போதுதான் நெருக்கம் தெரியும். இது மிஸ் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்க வேண்டியது. முப்பது வருடத்தில் ஓட விட்டுப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை. என் பைப் என்றபடியால் பார்க்கவில்லை.

"பிழை மீற்றருக்கும் இதுக்கும் இடையில அண்ணை."

"அது நான் போட்ட பைப் மிஸ். ஒரு சொட்டு ஒழுகாது."

"ஒழுகேல்லைத்தான். கிண்டிப் பாப்பம்."

கிண்டினேன். மணல் என்றபடியால் ஒன்றரை அடி கெதியாக வந்தது. ஐந்து பொருத்து. முதல் பொருத்து வெளியில் பார்க்க நேற்றுச் செய்த மாதிரி இருந்தது. வாளால் இரண்டு பக்கமும் அறுத்து, நீளவாக்கில் பிளந்தேன். உள்ளே, சூட்டில் இளகின பைப் மடிந்து ஒரு வளையமாக நின்றது. தொண்டைக்குள் கழலை வந்த மாதிரி. என் சின்ன விரல் போகவில்லை. மற்ற நாலும் அப்படித்தான்.

ஏன் என்று எனக்கு உடனே தெரிந்தது. அதிகம் சூடாக்கி, அவசரமாக, ஆழத் தள்ளினால் அப்படி மடியும். நூறு எண்ணாமல் கையை எடுத்தால் மடிப்பு அப்படியே இறுகும். குடத்துக்குப் பிடிக்கிற தண்ணீரில் அது தெரியாது. குடம் நிறைய நேரமெடுத்தால் இந்தப் பக்கத்துத் தண்ணீர் இப்படித்தான் என்று சனம் இருந்துவிடும். பைப்பில் தண்ணீர் வந்ததே அவர்களுக்குப் பெரிய காரியம்.

மிஸ் பிளந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். திருப்பித் தந்தார். வளவுக்குள் பைப்பில் அடைப்பு, மாற்ற வேண்டும் என்று எழுதினார். யார் போட்டது என்று எழுதுகிற இடம் அந்தப் படிவத்தில் இல்லை. அத்தோடு போயிருக்கலாம்.

நான் துண்டைக் கொண்டுபோய்ப் பிலோமினா அக்காவிடம் காட்டினேன். "அக்கா, தலையில பிழை இல்லை. நான் போட்ட பைப்பிலதான் பிழை. நெருப்பில ஒட்டினது. உள்ளுக்கு மடிஞ்சு கிடக்குது."

அவர் அதை வாங்கி ஓட்டைக்குள்ளால் வெளிச்சம் பார்த்தார். பிறகு கதிரைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்த நேரம் சொக்கட் எங்க இருந்தது தம்பி. தறப்பாளுக்குள்ள கிடந்த எங்களுக்குத் தண்ணி கொண்டந்து தந்தனீ. அதை விடு."

இங்கேதான் என் வேலைக் காலத்தில் கஷ்டமான இடம். நான் ஓம் என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்திருக்கலாம். மிஸ் வாளியைக் கழுவிக்கொண்டு நின்றார். அவருக்கும் தெரியாது. ஒருவருக்கும் தெரியாது.

"இருந்தது அக்கா" என்றேன். "ரெண்டாவது லொறியில வந்தது. சொக்கட்டும் கம்மும். ஒன்பது வீடு முடிஞ்ச நேரம். உங்கட வீடு பதினாலாவது."

"அப்ப ஏன்?"

"சொக்கட் எண்டா கம் காயும்வரை நிக்க வேணும். நெருப்பில எண்டா நாளுக்கு மூண்டு வீடு முடியும். சொக்கட் பெட்டியை நான் உடைக்கேல்லை."

பெட்டியை வேலை முடிந்ததும் அப்படியே திருப்பிக் கொடுத்தேன். சாமானை மிச்சம் பிடித்தவன் என்று அப்போது என்னைப் புகழ்ந்தார்கள். அதையும் சொன்னேன்.

கட்டிலில் கிடந்த யூட் தலையைத் திருப்பினான். "அம்மா இருவத்திரண்டு நாள் தண்ணி காவினவா" என்றான். குரலை உயர்த்தவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

பிலோமினா அக்கா பத்துப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தார். பிறகு கேட்டார், "மற்ற வீடுகளுக்குச் சொன்னனியோ?"

"இல்லை."

"அப்ப அங்க போய்ச் சொல்லு. எனக்குச் சொல்லி முடிஞ்சுது."

அன்றைக்கே முழுப் பைப்பையும் கிளப்பிப் புதுப் பைப் போட்டேன். சொக்கட் வைத்து. மீற்றரில் இருபது செக்கன் என்றால் முற்றத்தில் இருபத்திரண்டு வந்தது. நாலு தலையையும் ஒருமிக்கத் திறந்தால் அதற்கும் காணாது, ஒரு வீட்டு லைன் அவ்வளவுதான் தாங்கும் என்று மிஸ் கணக்குப் பார்த்துச் சொன்னார். இரண்டு இரண்டாகப் பிரித்து இரண்டு வால்வு பூட்டினேன். படலைப் பக்க இரண்டும் முதலில். அது முடிய வீட்டுப் பக்க இரண்டும். திறந்தபோது தலைகள் எழும்பி வேலிவரை தூவின. பக்கத்து வீட்டுக்காரி வேலியடியில் நின்று நனைந்துகொண்டு, "வெயிலடிக்க மழை பெய்யுது, நரிக்குக் கலியாணம்" என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை. யூட் எழும்பி வரவில்லை. புண்ணோடு ஏலாது.

அவன் புண் ஆற இரண்டு மாதம் எடுத்தது. வெட்டவில்லை. புல் அதற்கு முன்னமே பிடித்துவிட்டது. பிறகு முற்றத்தில் வலை விரித்திருப்பதை ரோட்டால் போகும்போது கண்டிருக்கிறேன். உள்ளே போனதில்லை. அவனும் என்னைக் கூப்பிட்டதில்லை.

மற்ற வீடுகளுக்குப் போனேன். சனிக்கிழமைகளில், என் நேரத்தில். வாசலில் நின்று இதே கதையைச் சொன்னேன். சிலர் ஏசினார்கள். ஒருவர், வருகிற தண்ணியும் வராமல் செய்யவோ வந்தாய் என்று கிண்ட விடவில்லை. இரண்டு தடவை போனேன். மூன்றாம் தடவை மிஸ் கூட வந்து வாளியை வைத்து அவருக்கே செக்கன் எண்ணக் கொடுத்தார். பிறகு கிண்ட விட்டார். மிஸ் அந்தச் சனிக்கிழமை ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

முதல் ஒன்பது வீட்டிலும் பிளந்து பார்த்தேன். விரல் தாராளமாகப் போனது. அவையும் நெருப்பில் பொருத்தினவைதான். சொக்கட் இல்லாத நேரம் நான் நூறு எண்ணியிருக்கிறேன். சொக்கட் வந்த பிறகுதான் எண்ணவில்லை. பத்தாவது வீட்டிலிருந்து பிழை.

அப்படிப் பதினேழு வீடு. பதினாலு மாற்றி முடிந்தது. மூன்று வீட்டில் ஆள் இல்லை. கிணற்றடிச் சந்திக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஓமந்தையில் மகளோடு போய் இருக்கிறார். அவர் வளவுக்குப் பின்னால் இருந்த கிழவர் செத்துப்போனார், பிள்ளைகள் வரவில்லை. கடைசி வீட்டுப் பெடியன் படகில் வெளிநாடு போனவன். செய்தி இல்லை. வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டின வளவுக்குள் கேளாமல் போய்க் கிண்ட முடியாது.

அந்த மூன்றையும் விட்டுவிட்டு ஓய்வுக்கு வந்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வளவுகளுக்கு யாராவது திரும்பி வந்து மீற்றரைத் திறக்கக் கேட்டால், திறந்து கொடுத்துவிட்டு வராதீர்கள். படலையிலிருந்து வீட்டு வாசலுக்கு நேர்கோட்டில் பைப் கிடக்கும். ஒன்றரை அடி. முழுவதையும் கிளப்புங்கள். யார் போட்டது என்று அவர்கள் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நான் இருந்தால் எனக்கும் ஆள் அனுப்புங்கள். வந்து கிண்டுவேன்.